மாவுக்கட்டுக்குள் மிதித்த கால்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போகிற ஆள் நான். நீங்களும் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது வாக்கில் இருக்கும். சாமி தூக்கும்போது மழைச்சேற்றில் வழுக்கி விழுந்து, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. இங்கே காஞ்சிபுரத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். மறுநாள் விடிந்ததும் கட்டு இறுக்கிப் பிடித்தது, விரல்கள் வீங்கி நீலம் பாரித்தன, போகப்போகக் கிள்ளினாலும் தெரியவில்லை. கம்பவுண்டரிடம் சொன்னேன். நான் பட்டு நெய்கிறவன் என்று தெரிந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தறிக்குழியில காலை வுட்டுக்கினே கெடக்குற ஆளுங்களுக்கு மரத்துப்போறது புதுசாப்பா? பேசாம படு."

நர்சம்மாவும் போர்வையை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை, டாக்டர் நாளைக் காலையில்தான் வருவாராம். தொண்டை வறளக் கத்தினேன், பக்கத்துக் கட்டில்காரர்தான் என்மேல் எரிந்து விழுந்தார். வந்த கோபத்துக்கு அந்தக் கம்பவுண்டரின் சட்டையைப் பிடித்திருப்பேன், எழுந்திருக்க முடிந்தால்தானே.

வலது கால் போனால் தறி மிதிக்க முடியாது, தறி இல்லாவிட்டால் நான் எதற்கு? விடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுக்குள்ளேயே மிதிக்க ஆரம்பித்தேன். விரல்கூட அசையவில்லை, தெரியும், மனசால்தான் மிதித்தேன், வலது, இடது, வலது, இடது என்று விடாமல். நம்பினால் நம்புங்கள், மரத்துப்போன உள்ளங்காலில் எங்கள் வீட்டு மிதிப்பலகையின் வழவழப்பு தட்டுப்பட்டது.

உச்சிவெயிலில், பார்வையாளர்களை விடாத நேரத்தில், என் மனைவி தனம் வாட்ச்மேனைத் தள்ளிவிட்டுத் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். போர்வையை விலக்கி விரல்களைப் பார்த்தாள். அழவில்லை. நேரே கம்பவுண்டரிடம் போய் நின்றாள்.

"டாக்டர் வூட்டுக்கு ஆள அனுப்புறியா, இல்ல நானே அருவாமணையால அறுக்கட்டுமா? அவரு கால் போச்சுன்னா உன்ன வுடமாட்டேன்."

அவள் போட்ட போட்டில் டாக்டர் சாப்பிட்ட கை காயாமல் வந்து சேர்ந்தார். கட்டை வெட்டிப் பிரித்ததும் அவர் முகம் சுண்டிப்போயிற்று. சாயங்காலம்வரை விட்டிருந்தால் காலையே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார். கம்பவுண்டர் அதன்பிறகு என் கட்டில் பக்கமே வரவில்லை.

எப்படித் தெரிந்து வந்தாய் என்று அவளைக் கேட்டேன்.

"சோறு வடிச்சிக்கினு இருந்தேன், தறி சத்தம் கேட்டுச்சு. போய்ப் பாத்தா குழியில யாருமில்ல, மிதி மட்டும் ஏறி எறங்கிக்கினு இருக்குது. உங்க கால் எனக்குத் தெரியாதா?"

சரி, மிதித்தது நான்தான், அதை ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் கால் தேறி வீட்டுக்கு வந்து தறியைப் பார்த்தால், நான் விட்ட இடத்துக்கு மேல் நாலு விரல் அகலம் சேலை வளர்ந்திருந்தது. தனம் தொடவே இல்லை என்று சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்தாள். மிதித்தால் மட்டும் சேலை வளராது, ஊடையிழை சுற்றிய நாடாவை ஒரு கை குறுக்கே எறிய வேண்டும். தடவிப் பார்த்தேன். இழையை அடித்திருந்த விதம் என்னுடையது இல்லை, என்னுடையதைவிட நெருக்கம்.

அதே தறியில்தான் இன்றைக்கும் நெய்கிறேன். குழியில் இறங்கும்போது மட்டும் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டுத்தான் உட்காருகிறேன்.