பெயர் இருக்கும் சரணம்

ஜெயசிங் அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்ற செய்தி, போன செவ்வாய்க்கிழமை காலை தாம்பரத்தில் ரயில் ஏறிய பிறகுதான் எனக்கு வந்தது. எங்கள் பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர் நடைமேடைக்குப் போய், எதற்காக நிற்கிறேன் என்றே தெரியாமல் இரண்டு வண்டிகளை விட்டேன். அன்று மாலை நான்கு மணிக்கு அடக்க ஆராதனை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரயில்வே விசாரணைக் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிட்லபாக்கத்தில் வீடு. பத்தொன்பது வருடங்கள் பாடகர் குழுவில் எனக்குப் பின்வரிசையில் நின்று பாடினார். குரல் சுமார்தான், அதை அவரே ஒப்புக்கொள்வார். ஆனால் எந்தத் துதிப்பாட்டை எடுத்தாலும், "இத எழுதினது யாருன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். "அண்ணா, ப்ராக்டிஸ் முடியட்டும்ணா" என்று கெஞ்சுவோம். விடமாட்டார்.

அப்படித்தான் ஓர் உபதேசியாரின் கதையைச் சொன்னார். ஊர் ஊராக நடந்து போய் ஜெபம் நடத்திய ஏழை மனிதர். காலராவில் ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, ஒரு துதிப்பாட்டு எழுதினாராம். "ஒப்பாரி எழுதலம்மா, ஸ்தோத்திரம் எழுதியிருக்காரு. அது எப்படி முடிஞ்சுதுன்னு எனக்கு இன்னும் புரியல" என்னும்போது அண்ணனுக்குக் கண் கலங்கிவிடும். பாட்டுப் புத்தகத்தில் ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கிறார்கள், எழுதியவர் பெயரைப் போடவில்லை. அந்த மனிதர் தன் பெயரைக் கடைசிச் சரணத்துக்குள் வைத்திருக்கிறார். "அங்கதான் அவரு உயிரோட இருக்காரு. நாம ரெண்டு சரணத்தோட நிறுத்திடறோம்" என்பார் அண்ணன்.

ஆலயத்தில் திரை வைத்தபோது, அதில் பாட்டு வரிகளைப் போடும் பொறுப்பு எனக்கு வந்தது. அடுத்த ஆராதனைக்கு ஆட்கள் வாசலில் காத்திருப்பதால், எந்தப் பாட்டானாலும் இரண்டு சரணம் போதும் என்றார் ஆயர். நானும் வெட்டினேன். முதல் ஞாயிறே அண்ணன் வந்து, "என்ன ஸ்டெல்லா, பேரையே வெட்டிட்டியேம்மா!" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை, சிரித்தார்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். பேசினாலே மூச்சு வாங்கியது.

"என் அடக்கத்துக்கு அந்த உபதேசியார் பாட்டு. முழுசா போடணும், பேரு வரைக்கும். செய்வியா?"

"சும்மா இருங்கண்ணா, என்ன பேச்சு இது?"

"செய்வியான்னு கேட்டேன்."

"செய்யறேன்ணா."

அன்றே அந்தச் சரணத்தை டைப் செய்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. செய்தால் அவர் போய்விடுவார் என்று ஒரு பயம். இன்று யோசித்தால் அதுவும் சாக்குதான்.

செவ்வாய் மாலை, அழுத கண்ணோடு பழைய ஃபைலையே திறந்துவிட்டேன். இரண்டாம் சரணம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அடுத்த பொத்தானை அழுத்தினேன். வெள்ளைத் திரை. அண்ணனின் ஆசையை அறிந்திருந்த கீபோர்டுக்காரர் மூன்றாம் சரணத்துக்கு வாசித்துக் காத்திருந்தார். திரை வந்த பிறகு நாங்கள் யாரும் புத்தகம் கொண்டுவருவதில்லை. பதினாறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மெட்டு தெரியும், வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. அந்த உபதேசியாரின் பெயர்கூட என் நாக்குக்கு வரவில்லை. எத்தனை முறை சொல்லியிருப்பார், பாவி நான்! அந்தச் சரணத்தை மனப்பாடமாகப் பாடக்கூடியவர் ஒருவர்தான். அவர் பெட்டிக்குள் இருந்தார். கீபோர்டு ஒரு சுற்று வந்து நின்றது. ஆயர் ஜெபத்தைத் தொடங்கினார்.

அண்ணிக்குக் காது சரியாகக் கேட்காது. கல்லறைத் தோட்டத்து வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா பாடினீங்கம்மா. கடைசியில பேரு வந்துச்சா? அதையே சொல்லிட்டு இருந்தாரு."

"வந்துச்சு அண்ணி" என்று அவர் காதருகே சத்தமாகச் சொன்னேன்.

போய் வாருங்கள் அண்ணா. அங்கே அந்த உபதேசியாரைப் பார்த்தால் முழுப் பாட்டையும் பாடிக் காட்டுங்கள். பெயரை வெட்டியவள் யார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.