கரை மறையும் இடம்

1. முதல் டூட்டி

அமீரகத்துப் புஜைராவில் டூரிஸ்ட் போட்டுக்கு கேப்டனாகச் சேர்ந்த முதல் நாளே திமிங்கிலம் வந்தது. நான் ஸ்டியரிங்கை ஒடித்து எதிர்ப்பக்கம் போட்டை விரட்டினேன்.

குமரிக் கடற்கரைக்காரன் நான். மீசை முளைத்த நாளிலிருந்து வலை போட்டவன். பெரிய முதுகு தெரிந்தால் வலையைக் காப்பாற்றிக்கொண்டு விலக வேண்டும் என்பதுதான் என் கைக்குத் தெரியும். இந்த போட்டில் வலையே இல்லை என்பதைக் கை மறந்துவிட்டது. கேமராவும் கையுமாக நின்ற வெள்ளைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

எங்கள் கைடு சிறீ, யாழ்ப்பாணத்துக்காரர், ஓடி வந்தார்.

"அண்ணை, சனம் வந்ததே அதைப் பாக்கத்தான். நீங்கள் அதைக் கண்டு ஓடுறியள்."

மறித்துப் போகக் கூடாது, பக்கவாட்டில் தள்ளி நின்று கியரை நியூட்ரலில் போட வேண்டும், அது மூச்சு விடும் சத்தத்துக்குக் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் பிறகு பழகியது. கோடையில் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பதால் விடியும்போதே கிளம்புவோம். ஆர்க்டிக் பக்கம் கோடையிலும் குல்லா மாட்டிக்கொண்டு திமிங்கிலம் பார்த்ததாக ஒரு அம்மா சொன்னார். நாங்களோ ஐஸ் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு நின்றோம்.

அந்த அம்மாவைப் போல எத்தனையோ பெண்கள் என் போட்டில் ஏறியிருக்கிறார்கள். என் மனைவி ஜெசிந்தா மட்டும் ஏறியதில்லை. எங்கள் ஊரில் பெண்கள் மீனை ஏலம் எடுப்பார்கள், தலையில் சுமந்து விற்பார்கள். கடலுக்குப் போகும் வழக்கம் கிடையாது. யாராவது ஒரு பெண்ணுக்கு லைஃப் ஜாக்கெட் வாரை இறுக்கச் சொல்லும்போதெல்லாம் அவள் ஞாபகம் வந்துவிடும். ஒரு தடவையாவது அவளுக்குத் திமிங்கிலத்தைக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை என்னைப் பிடித்து ஆட்டியது.

2. விசிட் விசா

போன கோடையில் விசிட் விசாவில் வந்தாள். காலி சீட் இருந்தால் கூட்டிப்போகலாம் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அவள் ஊர் திரும்புவதற்குள் ஒரே ஒரு ட்ரிப்தான் அப்படிக் கிடைத்தது.

என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மலைகள் சிறுத்துக்கொண்டே போய், வெயில் புகைச்சலில் கரை மறைந்தது. நான் முன்னால் திமிங்கிலத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம ஊர்லயும் இப்பிடித்தானா? இங்கேருந்து பாத்தா கரையில நிக்கியவ தெரிவாளா?"

"தெரியமாட்டா பிள்ள. கொஞ்ச தூரத்துலயே மறைஞ்சிரும்."

"நான் தெரியும்னுல்லா நெனச்சேன். போட்டு கண்ணுக்கு மறையது வர கைய வீசிட்டே நிப்பேன்."

அப்போது பார்த்து வலது பக்கம் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. எல்லாரும் அங்கே ஓடினார்கள். கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு, பாரு பாரு என்று அவள் தோளைத் தொட்டேன். அவளும் எனக்காகப் பார்த்தாள். பெரிசாத்தான் இருக்கு என்றாள். மறுபடியும் கரை இருந்த திசைக்கே திரும்பிக்கொண்டாள். நான் தேடித் தேடிக் காட்டிய திமிங்கிலம் அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

அவள் ஊருக்குப் போய்விட்டாள். ரூமில் அவள் விட்டுப்போன தேங்காயெண்ணெய் பாட்டிலைக்கூட என்னால் எடுத்து வைக்க முடியவில்லை. அவ்வளவுக்கு மனசு அவளைத் தேடுகிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். திமிங்கிலம் தேட யார் வேண்டுமானாலும் கற்றுத் தருவார்கள். கரை மறைவதற்குச் சற்று முன்னால் எஞ்சினைக் குறைத்து, எல்லாரையும் ஒரு தடவை திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் தினமும் அப்படித்தான் செய்கிறேன். அவர்கள் போட்டோ எடுப்பார்கள். அந்தக் கரையில் எனக்கென்று யாரும் நிற்பதில்லை. இருந்தாலும் கையைத் தூக்கி வீசுகிறேன்.