புரட்டாசியில் விலை போகாத நெத்திலி

புந்தோங்கில் தேங்காய்ப்பால் சோறான நாசிலெமாக் விற்கும் கலாதேவி பொருளாதாரம் படித்தவள் இல்லை. படித்தவர்கள் அவளிடம் வந்து நாலு வார்த்தை கேட்டுக்கொண்டு போனால் குறைந்துவிட மாட்டார்கள்.

லகாட்டில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் கால்கடுக்க நின்றவள். அவள் கட்டிக்கொண்டு போகும் நாசிலெமாக் பொட்டலங்களை அங்கே மலாய்க்காரர்களும் நேப்பாளிகளும் போட்டி போட்டு வாங்குவார்கள். அந்தத் தெம்பில் சம்பளமில்லாத ஒரு மாத விடுப்பு எடுத்து, வீட்டுத் தெருமுனையில் மேசை போட்டாள். மாதத்துக்குள் கடை காலூன்ற வேண்டும், இல்லையென்றால் மறுபடி கையுறைதான். மேலாளர் சுவர்ணாவிடம் அப்படித்தான் பேச்சு.

மேசை போட்டது புரட்டாசி முதல் நாள். விடியலில் சோற்றோடு வைக்கும் நெத்திலிச் சம்பல் கிண்டியவள், விரதம் என்பதால் உப்புக்கூடப் பார்க்கவில்லை. கணவன் விக்னேஸ்வரனைப் பார்க்கச் சொன்னாள். அவனும் விரதம் என்று கையை இழுத்துக்கொண்டான். தாங்கள் தொடாததைத் தெருவே வாங்கித் தின்னும் என்று அந்த மகராசிக்கு எப்படித்தான் தோன்றியதோ.

அறுபது பொட்டலத்தில் ஒன்பது போனது. விலையைக் குறைக்கச் சொன்னான் விக்னேஸ்வரன். மறுநாள் மூன்று வெள்ளி விலையை இரண்டு வெள்ளியாக்கினாள். எட்டுதான் போனது. மூன்றாம் நாள், தினமும் மோட்டார் சைக்கிளில் அந்த வழியாக வேலைக்குப் போகும் சீனியை மறித்து, காசே வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

"சும்மா குடுத்தாலும் வேணாம்லா, வெரதம். பசி இருக்கு. சைவமா இருந்தா காசு குடுத்தே வாங்குவேன்," என்றார் சீனி.

அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, தன்மேலேயே கோபமாகவும் இருந்தது. விலை இறங்கினால் இன்னும் நாலு பேர் வாங்குவார்கள் என்பது மெய்தான். ஆனால் அந்தப் பண்டமே வேண்டாம் என்று ஊர் மனசு மாறிவிட்டால், விலையை எவ்வளவு இறக்கி என்ன பயன்? ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள்.

மறுநாள் நெத்திலி, முட்டை, இறாலில் அரைத்த பிளாச்சான் மூன்றையும் தள்ளிவைத்தாள். தெம்பே என்ற சோயாக் கட்டியைப் பொரித்து, கச்சான் கடலையை வறுத்துப் போட்டு, விலையை மூன்றரையாக்கினாள். ஐம்பது காசு கூடக் கொடுத்து யார் வாங்குவார் என்று முணுமுணுத்தான் விக்னேஸ்வரன். எட்டு மணிக்குப் பானை காலி. ருசி கண்டவள் ஒருநாள் நாலு வெள்ளி வைத்தும் பார்த்தாள். பாதிப் பேர் எதிர்க்கடைத் தோசைக்குப் போய்விட்டார்கள். ஆசை இருந்தாலும் கை எட்டுகிற வரைக்கும்தான் வாங்குவார்கள் என்று புரிந்தது. மறுநாளே மூன்றரைக்கு இறங்கினாள்.

விடுப்பின் கடைசி நாள் சுவர்ணா கூப்பிட்டார். மேசையைச் சுற்றி ஆட்கள் நிற்க, கலாதேவி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பொட்டலம் மடித்தாள். நாளைக்கு வேலைக்கு வருவாளா என்று கேட்டார் சுவர்ணா. வரவில்லை, வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். அவர் நல்ல மனுஷி. அக்கறையோடுதான் எச்சரித்தார். விரதம் முடிந்ததும் இந்தக் கூட்டம் கலைந்துவிடுமே, அப்போது என்ன செய்வாய் என்றார்.

கலாதேவி நிமிர்ந்து நின்றாள். கையுறைக்காரியின் குரலாகப் பதினோரு வருஷம் கேட்ட அந்தக் குரலில் இப்படி ஒரு நிமிர்வை சுவர்ணா கேட்டதே இல்லை.

"கலையட்டும் மேடம். அடுத்து அவுங்களுக்கு என்னா வேணும்னு அவுங்களையே கேட்டுச் சமைப்பேன்."