வெயிலைத் தடுப்பதும் கரியை எடுப்பதும்: வலியசாலையில் ஒரு மதியம்

2009 ஜூனில் நான் திருவனந்தபுரம் போனது கோயிலுக்கோ கடற்கரைக்கோ அல்ல. பூமியின் சூட்டைக் குறைக்க விஞ்ஞானிகள் யோசிக்கும் பெருந்திட்டங்களைப் பற்றிய ஒரு கண்காட்சிக்குத் தமிழ் விளக்கங்கள் எழுதிக் கொடுத்திருந்தேன். மாலை ஐந்து மணிக்குத் திறப்பு. என் பெயரும் பலகையில் வருகிறதே, ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டர். பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் (பாலராமபுரம் நெரிசலுக்கு இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள்). தம்பானூர் பஸ் நிலையத்தில் ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் சாலை பஜார் பக்கம் குடியிருக்கும் தமிழர்.

“நாளைக்கு ஹர்த்தாலாக்கும் அக்கா, கடை, பஸ் ஒண்ணும் கிடையாது. ஏழு மணிக்குள்ள பஸ் ஏறிடுங்க, கேட்டோ.”

வலியசாலை அக்ரகாரத் தெருவில் ஒரு கல்யாண மண்டபம். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன். எல்லாப் படங்களுக்கும் மேலே ஒரே தலைப்பு: ‘பூமியைக் குளிர்விக்கும் வழிகள்’. மரம் நடும் படத்தை ஒட்டியே, வானத்தில் கந்தகத் துகள் தூவும் விமானம்.

நான் எழுதியது இரண்டு பிரிவுகள். துகள் தூவுவதும், கடல் மேகங்களை வெளுப்பாக்குவதும், கூரைக்கு வெள்ளையடிப்பதும் வெயிலைத் திருப்பி அனுப்புபவை. மரம் வளர்ப்பதும், கடலில் இரும்புத்தூள் போட்டுப் பாசியைப் பெருக்குவதும் காற்றிலுள்ள கரியமில வாயுவையே எடுப்பவை.

அமைப்பாளர் ராமசுப்பு அந்தத் தெருக்காரர், வங்கி அதிகாரி.

“ரெண்டும் சூட்டைக் குறைக்கத்தானே மேடம்? பார்க்க வர்றவாளைக் குழப்ப வேண்டாம்னு நான்தான் சேர்த்தேன்.”

“முதல் வகை வாயுவைத் தொடவே தொடாது சார். பாதியில நிறுத்தினா, அமுக்கி வெச்ச சூடு மொத்தமா எழும்பும். மரத்துப் பக்கத்துல மாட்டினா அதையும் சாதுன்னு நினைப்பாங்க.”

“மணி மூணரை. மாட்டின ஆளெல்லாம் போயாச்சு. நான் என்ன பண்ணட்டும்?”

“அப்ப என் பெயரை எடுத்துடுங்க.”

அவர் முகம் சிவந்தது. வெளியே போய்விட்டார். பெயரை அழிக்க ஆள் கூட்டி வரத்தான் போகிறார் என்று நினைத்தேன். அப்படியே பஸ்ஸுக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

அவர் ஏணியோடு திரும்பி வந்தார். “பிடிச்சுக்கோங்கோ.”

பழைய தலைப்பை இறக்கிவிட்டு, ‘வெயிலைத் தடுப்பது’, ‘கரியை எடுப்பது’ என்று இரண்டு தலைப்பு எழுதி, அவற்றின் கீழ் படங்களைப் பிரித்து மாட்டினோம். இரும்புத்தூள் படத்தில் அவர் கை நின்றது.

“இது எந்தப் பக்கம்?”

“வாயுவை எடுக்கிற பக்கம். ஆனா மரம் மாதிரி சாது இல்லை. கடலுக்கு என்ன ஆகும்னு தெரியாது.”

“அதையும் எழுதுங்கோ.”

எழுதினேன். கடைசி ஆணியை அடிக்கும்போதே வாசலில் விருந்தினர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள்: “ஏன் சார் ரெண்டாப் பிரிச்சிருக்கீங்க?”

நான் வாய் திறக்குமுன் ராமசுப்பு விமானப் படத்தைக் காட்டிச் சொன்னார்: “இது குடை, மோளே. மடக்கினா வெயில் அங்கேயேதான் இருக்கும். அந்தப் பக்கம் வேற, வாயுவையே எடுக்கறது.”

பக்கம் பக்கமாக எழுதியும் இவ்வளவு தெளிவாக நான் சொல்லியிருக்கவில்லை.

இப்படி வேலையாகப் போகிறவர்களுக்கு: திறப்புக்கு முந்தின நாளே போய்விடுங்கள். கிளம்புமுன் ஹர்த்தால் உண்டா என்று விசாரியுங்கள். அன்று பஸ்ஸை நம்பாமல் ரயிலைப் பாருங்கள். ரயில் நிலையமும் தம்பானூரில்தான், வலியசாலையிலிருந்து நடக்கும் தூரம்.

ஏழு மணி பஸ்ஸுக்கு ராமசுப்புவே ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். பஸ் நகரும்போது ஜன்னலருகே வந்தார்.

“இன்னும் கோபம்தான் மேடம். ஆனா தலைப்பு இப்போ சரியா இருக்கு.”