குட்டிக்கு நடந்த வரவேற்புக் கூட்டம்

நாய்கள் காப்பகமொன்றில் நெடுங்காலமாக வேலை செய்கிறேன். தெருவில் எடுத்த குட்டிகளுக்கு நிரந்தர வீடு கிடைக்கும்வரை தற்காலிக வீடு பிடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நாய்களைப் பற்றியே என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காக யாழ்ப்பாணத்து இணுவிலில் நடந்ததைச் சொல்கிறேன்.

சிவபாலன் அண்ணை அங்கே சனசமூக நிலையத் தலைவர். கூட்டம் வைக்காமல் அவரால் ஒரு கிழமை இருக்க முடியாது. வீட்டில் சீசர் என்றொரு பெரிய நாய். அந்த வளவுக்குள் வேறு நாய் கால் வைத்ததே இல்லை. கனடாவிலுள்ள மகள் வற்புறுத்தியதால் ஒரு குட்டியைச் சில கிழமைகள் வைத்திருக்கச் சம்மதித்திருந்தார்.

"சீசரை ஒழுங்கைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ அண்ணை. ரெண்டும் வெளியிலை சந்திக்கட்டும். வீட்டுக்கை எண்டால் அவன் தன்ரை இடம் போகுது எண்டு நினைப்பான்" என்று போனில் சொன்னேன்.

"என்ன கதை கதைக்கிறீர் தங்கச்சி? வீட்டுக்கு வாற ஆளை றோட்டிலை வைச்சோ வரவேற்கிறது?"

குட்டியோடு போய் இறங்கினால், ஹோல் நிறைய உறவினர்கள். கதிரைகள் வரிசையாகப் போட்டிருந்தன. சீசரைக் குளிப்பாட்டித் திருநீறு பூசியிருந்தார்கள். மேசையில் நிமிர்த்தி வைத்திருந்த போனில் மகளின் முகம் தெரிந்தது. அண்ணை எழுந்து தலைமையுரையைத் தொடங்கினார். அதில் குட்டியைப் பற்றி ஒரு வரி வந்தது. மிச்சமெல்லாம் சனசமூக நிலையம்.

சீசரின் உடம்பு விறைத்து, உதடு மேலே ஏறியது.

"அண்ணை, உறுமுறான். நான் குட்டியை வெளியிலை கொண்டு போறன்."

"அவனுக்குக் கைதட்டத் தெரியாது, அதுதான் உறுமுறான். நீர் இரும்."

"அப்பா, ரெண்டும் கமெராக்குள்ளை தெரியேல்லை, கிட்ட விடுங்கோ!" என்றாள் மகள்.

அண்ணை என் கையிலிருந்து குட்டியை வாங்கி, சீசரின் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்திலேயே விட்டார். குட்டி நேரே சோற்றில் வாயை வைத்தது. சீசர் பாய்ந்தான். குட்டியின் காதில் பல் பட்டு இரத்தம் கசிந்தது. அது அலறிக்கொண்டு அலுமாரிக்குக் கீழே ஓடியது. அண்ணையின் மச்சாள் கதிரைமேல் ஏறினார். கீழே விழுந்த போனுக்குள்ளிருந்து "என்ன நடந்தது?" என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"சபையிலை மானத்தை வாங்கிப்போட்டான். உவனை இண்டைக்கே கொண்டு போம் தங்கச்சி. குட்டி நிக்கட்டும்" என்றார் அண்ணை.

வளர்ந்த நாயை யாரும் எடுக்கமாட்டார்கள். காப்பகத்துக் கூட்டுக்குள்தான் அது கிழடாகும்.

அதுவரை குசினிக்குள் நின்ற அவரின் மனைவி மங்கை அக்கா வெளியே வந்தார்.

"கூட்டம் முடிஞ்சுது. எல்லாரும் வெளிக்கிடுங்கோ." பிறகு கணவரிடம் திரும்பி, "இஞ்சாருங்கோ, உங்கடை கோப்பைக்கை ஆரும் வந்து வாய் வைச்சா நீங்கள் மாலை போடுவியளே?" என்றார்.

அக்கா சங்கிலியைப் பிடித்துச் சீசரை ஒழுங்கைக்குக் கூட்டிப் போனார். நான் குட்டியை அலுமாரிக்குக் கீழிருந்து எடுத்து, காதைத் துடைத்து, சற்றுத் தூரம் விட்டுப் பின்னால் நடத்தினேன். வெங்காயத் தோட்டம்வரை சீசர் திரும்பியும் பார்க்கவில்லை. வரும் வழியில் நின்று, குட்டியின் வாலடியை முகர்ந்தான்.

"இப்பதான் ரெண்டும் கதைக்கத் தொடங்குது" என்றார் அக்கா.

அதன்பிறகு தனித்தனிக் கோப்பை, தனித்தனி மூலை. இரண்டையும் தனியே விடவில்லை. சீசர் உறுமினால் அடிக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். உறுமுவது "தள்ளி நில்" என்ற எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் அடுத்தமுறை எச்சரிக்காமலே கடிக்கும். மெல்ல மெல்லக் குட்டி சீசரின் வயிற்றில் சாய்ந்து தூங்கப் பழகியது.

பிறகு காங்கேசன்துறையிலிருந்து ஒரு குடும்பம் குட்டியை நிரந்தரமாகக் கேட்டது. அண்ணைக்குச் சொன்னேன்.

"அப்ப ஒரு பிரியாவிடைக் கூட்டம் வைப்பம்" என்றார் உற்சாகமாக.

"குட்டியும் போகாது, கூட்டமும் இல்லை" என்றார் அக்கா.

இப்போதெல்லாம் குட்டி கொடுக்கும் வீட்டில் நாய் எப்படி என்று விசாரிக்கும் முன், வீட்டுக்காரர் ஏதாவது சங்கத்தில் தலைவரா என்று விசாரிக்கிறேன்.