மாதையன் சொன்னதும் நான் சொல்லாததும்

அன்று மதியம் அரூர் பேருந்து நிலையத்தில் வண்டியை ஒப்படைக்க மாதையனுக்காகக் காத்திருந்தேன். ஒரு நாளும் தாமதமாக வராத மனிதர். நேரக்காப்பாளர் தன் அறையிலிருந்து இறங்கி வந்து, "இனி அவரு வரமாட்டாருங்க. காலைல வூட்டுலயே நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றார். அதைக் கேட்டு, வண்டிக்கு நின்றிருந்த பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். எனக்கோ முதலில் அழுகை வரவில்லை. என் சாவுச் செய்தி வந்தால் இவர்களில் ஒருத்தியாவது அழுவாளா என்றுதான் தோன்றியது.

மாதையனை அறிந்த உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? நான் அவர்மேல் பொறாமைப்பட்டவன். அரூரிலிருந்து கம்பைநல்லூர் போகும் டவுன் பஸ்ஸில் ஒன்பது வருடம் நாங்கள் இருவரும் காலை முறை, மதிய முறை என்று மாற்றி மாற்றி நடத்துநர்கள். ஓடி வருகிறவர்களுக்கு விசில் அடித்து வண்டியை நிறுத்துவேன். கைக்குழந்தையோடு ஏறுகிறவர்களுக்கு இடம் பிடித்துத் தருவேன். ஆனாலும் ஏறியதும் என் முகத்தைப் பார்த்து, "அவரு எப்பங்க வருவாரு?" என்றுதான் கேட்பார்கள். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

அவருக்கு மனச்சோர்வு இருந்தது, படபடப்பும் உண்டு. அதை அவர் சர்க்கரை வியாதியைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்வார். "இன்னிக்கு மனசு சரியில்லீங்க. கொஞ்சம் நீங்களே முன்னால வந்து டிக்கெட் வாங்கிக்குங்க" என்பார். தக்காளிக் கூடையோடு வரும் முனியம்மா கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பாதி இருக்கையை ஒதுக்கிக் கொடுப்பார். மாதையன் கூச்சமே இல்லாமல் உட்கார்ந்துகொள்வார்.

படபடப்பு வந்தால் அவருக்கென்று ஒரு வழி இருந்தது. கம்பியைப் பிடித்து, இரண்டு கால்களையும் அழுத்தி ஊன்றி, வழியில் உள்ள நிறுத்தங்களைக் கடைசியிலிருந்து தலைகீழாக முணுமுணுப்பார். அரூர் என்ற பெயருக்கு வந்து சேரும்போது மூச்சு அடங்கியிருக்கும். அடங்காவிட்டால் முதலிலிருந்து இன்னொரு நடை. மாதம் ஒருமுறை தர்மபுரிக்கு மருத்துவரைப் பார்க்கப் போவார். விடுப்புக் கடிதத்தில் 'மனநல மருத்துவரைப் பார்க்க' என்றே எழுதுவார். பணிமனையில் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

அப்படிச் சிரித்த நான் அவர் சாப்பிட்ட அதே மாத்திரையைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தேன். எனக்கும் நெஞ்சு அடைக்கும், கை நடுங்கும், விடிந்தால் பயமாக இருக்கும். வீட்டில் கேஸ் தொல்லை என்று சொல்லிவைத்திருந்தேன். சேலத்துக்குப் போய், தெரிந்தவர் கண்ணில் படாமல் மருத்துவரைப் பார்த்து, மாத்திரைகளை ஓம வில்லை டப்பாவில் போட்டு வைத்துக்கொள்வேன். அவர் நோயைச் சொல்லியே எல்லோருக்கும் வேண்டியவராகிவிட்டார். நான் மறைத்தே வியர்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பொறுக்காமல் முனியம்மாவிடம், "அவரு பைத்தியத்துக்கு மாத்திரை சாப்புடறாரு, தெரியுங்களா?" என்று சொல்லிவிட்டேன். அவர் அசரவில்லை. "தெரியுமே, அவரே சொன்னாரு. அத கேட்டுத்தான் என் மவள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். இப்பத்தான் புள்ள சோறு திங்குது" என்றார். அதன் பிறகு அரூர் வரும்வரை நான் அந்த அம்மாள் பக்கம் திரும்பவே இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு மதியம், மாதையன் கொடுத்த டிக்கெட் பையை வாங்கிய என் கை நடுங்கியது. அவர் பார்த்துவிட்டார். யாருக்கும் கேட்காத குரலில், "எந்திரிக்கவே முடியாத நாள்ல, எந்திரிக்கணும்னு நெனைக்காதீங்க. செருப்ப மாட்டணும்னு மட்டும் நெனைங்க. மாட்டிட்டா வாசல் வரைக்கும் போயிரலாம்" என்றார். "உங்க வேலையப் பாருங்க" என்று கத்திவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பின்னும் தினமும் வணக்கம் சொன்னார். 'எனக்கும் அதே நோய்தான்' என்று சொல்ல அவர் தந்த நேரத்தையெல்லாம் நான் வீணடித்தேன்.

கடத்தூர் பக்கத்தில் அவர் ஊரில் அடக்கம். எங்கள் வண்டிக் கூட்டம் மொத்தமும் அங்கே நின்றது. மறுநாள் காலை எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. வெகுநேரம் செருப்பையே பார்த்திருந்துவிட்டு, அதை மட்டும் மாட்டினேன். பிறகு பணிமனைக்கும் போய்விட்டேன்.

வண்டி மொரப்பூர் தாண்டியதும் நெஞ்சு அடைத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "என்னங்க, வேர்க்குது? ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று முனியம்மா கேட்டார். கேஸ் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. "மனசு சரியில்லீங்க" என்றேன். "அவரு சாப்பிட்ட மாத்திரையத்தான் நானும் சாப்புடறேன். ரொம்ப வருசமா."

முனியம்மா கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, பாதி இருக்கையை ஒதுக்கி, "உக்காருங்க" என்றார். பிறகு பின்னால் திரும்பி, "டிக்கெட் வாங்காதவங்க முன்னால வாங்க!" என்று குரல் கொடுத்தார்.

மாதையனிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை, அந்தச் செருப்புப் பேச்சும் இந்தப் பாதி இருக்கையும்தான். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். ஒன்பது வருடமும் அவர் உட்கார்ந்து வந்தார். நான் நின்றுகொண்டே வந்தேன்.