ஒரு கட்டம் உயர்ந்த படி

நகுமோ தெருஹிகோவை ஓரிடத்தில் உட்கார வைக்க அவன் அம்மாவாலும் முடியவில்லை, ஓவியக் கல்லூரியாலும் முடியவில்லை, ஒசாகாவின் ஐந்து கேம் கம்பெனிகளாலும் முடியவில்லை. பிற்காலத்தில் பெரிய தயாரிப்பாளராகித் தனியறையும் சுழல் நாற்காலியும் கிடைத்த பிறகும், அந்த நாற்காலியில் அவனுடைய கோட்டுதான் உட்கார்ந்திருந்தது. அவன் வெளியே நடைக்கூடத்தை அளந்துகொண்டிருப்பான். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அசையமாட்டான். கடைசிப் பரிசோதனை முடிந்த கேமில் அதற்குப் பிறகு ஒரு புள்ளியைக்கூட யாரும் தொடக்கூடாது. கெஞ்சினாலும் சரி, அழுதாலும் சரி. "மனுஷனா இந்த ஆள்?" என்று இளம் வடிவமைப்பாளர்கள் பொருமுவார்கள். எண்பத்தேழாம் வருஷம் அக்டோபரில் அவன் செய்த காரியம் அவர்களுக்குத் தெரியாது.

அப்போது அவனுக்கு இருபத்தொன்பது வயது. திருகாணிப் பட்டறைத் தொழிலாளியின் மகன், விளம்பரத்தைப் பார்த்து வேலைக்குச் சேர்ந்தவன். ஒரு கேமுக்கு மூன்றே பேர். கட்டம் போட்ட தாளில் மலையும் பாலமும் பேயும் கலர் பென்சிலால் வரைவது நகுமோ. அதையெல்லாம் எண்களாக்கிக் கணினிக்குள் ஏற்றுவது குசகாபே. இசை போடுவது மிகுரியா செட்சுகோ. நகுமோ கால் ஆட்டினால் மூன்று மேசைகளும் சேர்ந்து ஆடும்.

"நகுமோ சான், காலை ஆட்டாதீங்க. வறுமை வரும்னு உங்க வீட்ல சொல்லலையா?" என்பாள் மிகுரியா, டீக்கோப்பையைப் பிடித்துக்கொண்டு.

"எங்க வீட்ல அது நான் பொறக்குறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு."

அந்தக் காலத்துக் கம்பெனிகளில் ஒரு கேவலமான வழக்கம் இருந்தது. கேமை முழுதும் ஆடி முடித்தால் கடைசியில் செய்தவர்களின் பெயர்கள் திரையில் ஏறும். ஆனால் நிஜப் பெயர்கள் வராது. பெயர் தெரிந்தால் போட்டிக் கம்பெனிக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவானாம். அதனால் இரண்டு கேம்களில் நகுமோ 'டோஃபு' ஆகவும், குசகாபே 'வழுக்கை' ஆகவும், மிகுரியா 'ஊறுகாய்' ஆகவும் உலகத்துக்கு அறிமுகமானார்கள். குசகாபே சிரித்துவிட்டுப் போனான். மிகுரியாவால் அப்படிப் போக முடியவில்லை. கடலோரத் தொத்தோரியில் நண்டுப் படகு வைத்திருந்த அவள் அப்பாவுக்கு, கம்பெனியில் பெண் பிள்ளை பாட்டுப் போடுகிறாள் என்பதில் நம்பிக்கையில்லை. டீ ஊற்றிக் கொடுக்கிறாள் என்றே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"ஊறுகாய்னு போட்டா, அது நான்தான்னு எப்படிங்க நிரூபிக்கிறது?" என்று அவள் ஒருநாள் நகுமோவிடம் கேட்டபோது குரல் உடைந்துவிட்டது.

நகுமோவுக்கு அது பொறுக்கவில்லை. மேலாளர் இஷிகுரேயின் அறைக்கு மூன்று வாரம் நடையாய் நடந்தான். கடைசியில் இஷிகுரே கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "சரி, போட்டுத் தொலை. நிஜப் பேரே போடு. ஆனா இருபதாம் தேதி மதியம் கேம் தொழிற்சாலைக்குப் போயாகணும். புத்தாண்டுக்குப் பெரியவங்க குடுக்கிற காசு குழந்தைங்க கையில இருக்கிறப்போ கடையில இருக்கணும்."

இருபதாம் தேதி காலைக்குள் எல்லாம் முடிந்திருந்தது. பரிசோதனைக்காரர்கள் கேமைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஆடிப் பார்த்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். குசகாபே முகம் கழுவப் போயிருந்தான். அந்தக் கால் மணி நேரம் நகுமோ சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எட்டாம் மேடையின் கடைசிப் படி, நாயகன் தாவி ஏறினால் கதை முடிகிற படி, அவனுக்கு ரொம்பச் சுலபமாகத் தெரிந்தது. நெஞ்சு படபடக்க வேண்டாமா? ஒரே ஒரு கட்டம் உயர்த்தினான். ஆடிப் பார்த்தான். நாயகன் மயிரிழையில் ஏறினான். சபாஷ் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குசகாபேயிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டான்.

நகுமோவின் மேசையிலிருந்த இயந்திரத்தில், வேகமாக ஆடிப் பார்க்க வசதியாகக் குசகாபே ஒரு ரகசிய விசை வைத்துக் கொடுத்திருந்தான். அது போட்டிருந்தால் நாயகன் ஒரு கட்டம் கூடுதலாகத் தாவுவான். ஆறு மாதமாக அதைப் போட்டே ஆடியவனுக்கு அந்தத் தாவல்தான் கைக்குப் பழகியிருந்தது; அன்றும் அதைப் போட்டேதான் ஆடிப் பார்த்திருந்தான். கடைக்குப் போன கேம் கேசட்டில் அந்த விசை கிடையாது. ஒன்றரை லட்சம் கேசட்டில் ஒன்றில்கூட யாராலும் அந்தப் படியில் ஏற முடியாது.

ஜனவரி ஐந்தாம் தேதி கம்பெனி திறந்ததும் தொலைபேசி அலறத் தொடங்கியது. எட்டாம் மேடை, கடைசிப் படி, எட்டாம் மேடை, கடைசிப் படி. நகுமோ தன் மேசைக்கு ஓடி அந்த விசையை அணைத்துவிட்டு ஆடினான். நாயகனின் தலை படியில் முட்டி விழுந்தது. மறுபடி, மறுபடி.

குசகாபே பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தான். "கையெழுத்துப் போட்டப்புறம் தொட்டியா?"

"தொட்டேன்."

"பாவி."

இஷிகுரேயிடம் போய் ஒப்புக்கொண்டான். அவர் திட்டியிருந்தால் தேவலை. அவர் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "அடுத்த தடவை அச்சடிக்கிறப்போ சத்தமில்லாம சரி பண்ணிடுவோம். அதுவரைக்கும் ரொம்பக் கஷ்டமான கேம்னே இருக்கட்டும், விக்கும். யார் செஞ்சான்னு எவன் கண்டுபிடிக்கப் போறான்? நிஜப் பேர் வேணும்னு நின்னே, இப்ப அதை யாரும் பார்க்கவே முடியாது. நிம்மதியாப் போ."

நிம்மதியா? இரண்டு வாரம் படிக்கட்டில் ஏறி இறங்கியே தீர்த்தான். மிகுரியா ஊரிலிருந்து திரும்பிவந்து, வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். புத்தாண்டுக்கு விளையாட்டுப் பெட்டியையும் கேசட்டையும் வீட்டுக்கு வாங்கிப் போனாளாம். கடைசியில் என் பேர் வரும் என்றாளாம். தம்பி ஆடினான், சித்தப்பா ஆடினார், முடியவில்லை. கடல் கொந்தளிப்பில் படகு கரையிலேயே கிடப்பதால் இப்போது அப்பாவே ஆட உட்கார்ந்திருக்கிறாராம்.

"நேத்து போன் பண்ணினேன். பெருவிரல்ல கொப்புளமாம்! பேரைப் பார்க்காம விடமாட்டேங்கிறார் கிழவர்."

அவள் சிரித்தாள். நகுமோவுக்கு அழுகை வந்தது. அங்கேயே, அவள் மேசைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னான். "அதை என்கிட்ட ஏன் சொல்றீங்க? ஆடிக்கிட்டிருக்கிறது அவர்தானே," என்றாள்.

மறுநாள் காலை தொத்தோரிக்கு ரயில் ஏறினான். படியைப் பழைய இடத்தில் வைத்துக் குசகாபே எழுதிக் கொடுத்த சில்லு, கேசட்டின் உறையில்லாத பச்சைப் பலகையாகப் பையில் இருந்தது. பனி கொட்டும் வழி முழுக்க இருக்கைக்கும் கதவுக்குமாக நடந்தான். கண்டக்டர் இரண்டு தடவை, "ஐயா, கழிவறை அந்தப் பக்கம்," என்றார்.

மிகுரியாவின் அப்பா சவரம் செய்யாத முகத்தோடு, போர்வை போட்ட கணப்பு மேசைக்குள் காலை நீட்டி ஆடிக்கொண்டிருந்தார். வந்தவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"செட்சுகோவோட ஆபீஸா? உட்காருப்பா. இந்தப் படி மட்டும் மாட்டேங்குது."

நகுமோ பாயில் நெற்றி படக் குனிந்தான். "அது முடியாதுங்க. தப்பு எங்களோடது. சரியானதைக் கொண்டுவந்திருக்கேன்." பலகையைச் செருகி, அவனே எட்டு மேடைகளையும் ஆடி முடித்தான். படியில் நாயகன் ஏறினான். பெயர்கள் மேலே எழும்பி நின்றன. *இசை: மிகுரியா செட்சுகோ.* கிழவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் போய் அதைப் படித்தார். உள்ளே திரும்பி, "அடியே, வந்து பாரு! பொண்ணு பேரு வந்திருக்கு," என்று கத்தினார்.

மனைவி ஈரக் கையோடு வந்து பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். கிழவர் இன்னும் திரையை விட்டு நகரவில்லை.

"இதுல பாட்டு என் பொண்ணு. சரி. அந்தப் படியை அங்க வெச்சவன் எவன்?"

மூன்று வாரம் இஷிகுரேயிடம் அலைந்து வாங்கிய உரிமை அது. யார் எதைச் செய்தார்கள் என்று ஊருக்குத் தெரியவேண்டும். நகுமோ எழுந்துபோய், திரையில் முதல் பெயரின்மீது விரலை வைத்தான்.

"இது யாரு?"

"நான்தாங்க."

கிழவர் அவனைப் பார்த்தார். பச்சைப் பலகையைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். தன் கேசட்டைச் செருகினார். எட்டாம் மேடைக்கான கடவுச்சொல்லை மனப்பாடமாகவே அழுத்தினார். பிறகு, கொப்புளம் காய்ந்த கையால் கட்டுப்படுத்தியை அவன் மடியில் போட்டார்.

"பதினேழு நாள் நான் குதிச்சேன். இப்ப நீ குதி."

"ஐயா, அதுல முடியவே..."

"எனக்குத் தெரியும். குதி."

நகுமோ குதித்தான். தலை முட்டி விழுந்தான். கிழவர் பக்கத்தில் நண்டை உடைத்துத் தின்றபடி, ஒவ்வொன்றாக, சத்தமாக எண்ணத் தொடங்கினார்.